எனக்கு வந்த சிபாரிசுக் கடிதங்கள்

பங்கு மாறிச் செல்லும் குருவானவரிடம் மூட்டை முடிச்சு அதிகம் இராது. சில அங்கிகள், சில நூல்கள், பெற்ற தாயின் புகைப்படம் ஒன்று, அவ்வளவே. என்னிடம் கூடுதலாகத் தகரப் பெட்டி ஒன்று உண்டு. ஆறு பங்குகள் மாறியும் அது என்னைவிட்டுப் பிரியவில்லை. உள்ளே பூசைப் பாத்திரம் ஏதோ இருப்பதாக எண்ணிக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் கோயில்பிள்ளை அதைப் பயபக்தியோடு இறக்கி வைப்பார். உள்ளே இருப்பவை அஞ்சலட்டைகள். கடையநல்லூரிலிருந்து என் அத்தான் எழுதியவை.

பங்குத் தந்தையின் வாசலில் சிபாரிசுக் கடிதம் கேட்டு நிற்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்குப் பள்ளியில் இடம், மருமகனுக்கு வேலை, மருத்துவமனையில் கட்டணச் சலுகை. எல்லாவற்றுக்கும் சாமியாரின் கையெழுத்து வேண்டும். அவ்வாறு நான் எழுதிக் கொடுத்தவற்றுக்குக் கணக்கில்லை. ஆனால் எனக்கென்று சிபாரிசுக் கடிதம் எழுதிய மனிதர் ஒருவரே. அவர் என் அத்தான். தம் அட்டைகளுக்கு அவர் வைத்த பெயரும் அதுதான்: 'இந்த வாரச் சிபாரிசு'.

அத்தான் தையற்காரர். கடையநல்லூரில் மதுரைச் சாலையை ஒட்டி, ஓர் இயந்திரமும் ஒரு மேசையும் போட்டால் மூச்சுவிட இடமில்லாத கடை. என் அக்காளை அவர் கைப்பிடித்தபோது நான் குருமடத்தில் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தேன். திருமணம் முடிந்த மறுவாரமே முதல் அட்டை வந்தது. 'மாப்பிள்ளைச் சாமிக்கு' என்று தொடங்கியிருந்தது. மைத்துனன் என்பதால் மாப்பிள்ளை, சாமியாராகப் போகிறவன் என்பதால் சாமி. இரண்டையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவரே சேர்த்துத் தைத்த பெயர் அது. கீழே மூன்று தலைப்புகள் இருந்தன. நெஞ்சு நிமிர ஒன்று. வயிறு குலுங்க ஒன்று. வாய் பிளக்க ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை; அன்று மாலை எழுதுவார். செவ்வாயன்று எனக்குக் கிடைக்கும். அந்நாளில் குருமாணவருக்கு வரும் கடிதங்கள் அதிபர் தந்தையின் மேசையைத் தாண்டித்தான் எங்கள் கைக்கு வரவேண்டும். அஞ்சலட்டைக்கு உறையும் இல்லை, ஒளிவும் இல்லை. சில மாதங்களில் செவ்வாய்க்கிழமைகளில் அதிபர் தந்தையின் அறையிலிருந்து சிரிப்பொலி கேட்கத் தொடங்கியது. அட்டை மாலையில்தான் என்னிடம் வரும்.

இந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். இன்றைய இளைஞருக்கு அப்பெயர் தெரியுமோ தெரியாதோ, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும். கொள்ளிடக்கரைக் கிராமத்திலிருந்து வந்தவர், வேளாண்மை படித்தவர். எழுபதுகளின் பிற்பகுதியில் நம் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் பண்ணை ஒலிபரப்பில் பணியாற்றி, பின்னர் சென்னைக்குச் சென்றார். எண்பதுகளின் இறுதியில் அவர் தொடங்கிய 'இன்று ஒரு தகவல்' காலைதோறும் சில நிமிடங்களே வரும். பல ஆண்டுகள் வந்தது, நூல்தொகுதிகளாகவும் வெளிவந்தது. பிற்காலத்தில் தொலைக்காட்சியிலும் அவர் பேசினார். ஆனால் அந்தக் குரலுக்கு முகம் தேவைப்படவில்லை என்பதே என் எண்ணம்.

எங்கள் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களுக்குக் கை ஓயாது. மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும் நூலும். விடியலில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதே வேலை. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு உணவிட்டது வானொலி. தையற்காரர் நிலையும் அதுவே. என் தாய் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு தென்கச்சியாரைக் கேட்டு, வெற்றிலை போட்ட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. அவர் சிரிக்கமாட்டார். உழவருக்கு உர அளவு சொல்லுவதுபோன்ற அதே குரலில் பெரிய தத்துவத்தையும் சொல்லுவார், பெரிய வேடிக்கையையும் சொல்லுவார். சொல்லி முடித்ததும் போய்விடுவார். 'ஆகவே அன்பர்களே' என்று கையைப் பிடித்து இழுக்கமாட்டார். போனபிறகுதான் நமக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு, நாம் வேலை செய்துகொண்டிருக்கையில், சிந்தனை வரும்.

அத்தான் அந்த வித்தையை நன்றாகப் பிடித்துக்கொண்டார். ஓர் அட்டையை இங்கே எடுத்துச் சொல்லுகிறேன்.

நெஞ்சு நிமிர என்ற தலைப்பின் கீழ் லூயி பிரெயில் வந்திருந்தார். பிரான்சு நாட்டில் 1809இல் பிறந்தவர். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது குத்தூசி கண்ணில் பாய்ந்து, பிறகு இரு கண்ணும் போயின. 1824இல், பதினைந்து வயதில், பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துமுறையை அவர் அமைத்தார். அந்தப் புள்ளிகளைத் தாளில் குத்த அவருக்குப் பயன்பட்டதும் ஒரு குத்தூசிதான். 'எங்கள் தொழிற்கருவி செய்த பாவத்துக்கு எங்கள் தொழிற்கருவியே பரிகாரம் செய்துவிட்டது' என்று முடித்திருந்தார்.

வாய் பிளக்க என்பதன் கீழ் அவருடைய தையல் இயந்திர ஊசி. கையால் தைக்கும் ஊசிக்குக் காது மழுங்கிய முனையில் இருக்கும். இயந்திர ஊசிக்கோ கூர்முனையிலேயே காது. அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் என்பவர் இத்தகைய ஊசியைக் கொண்ட இயந்திரத்துக்கு 1846இல் காப்புரிமை பெற்றார். நாள்தோறும் நூல் கோத்தும் இதை நினைத்துப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று அத்தானுக்கு வியப்பு. நான் அன்றுவரை ஊசியையே உற்றுப் பார்த்ததில்லை.

வயிறு குலுங்க என்பதன் கீழ் இப்படி இருந்தது: 'அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளுகிறவர்கள்தாம், சட்டை பிடிக்கிறது என்று பிறகு சண்டைக்கு வருகிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் அப்படித்தானா, சாமி?'

அதிபர் தந்தை அந்த அட்டையை மட்டும் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்.

அருட்பொழிவு பெற்றுப் பங்குக்கு வந்தபின் இந்த அட்டைகளே என் மறையுரைக்குக் கைமுதல் ஆயின. இதை மறைப்பதற்கில்லை. மேற்கு மலைக் காட்டில் இருவாச்சிப் பறவையின் பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் பறவை வாரக்கணக்கில் ஒரு சிறு பிளவின் வழியே உணவூட்டும் செய்தியைத் திருமண மறையுரைகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மக்கள் அதுவரை நன்றாகக் கேட்பார்கள். அதன்பிறகு நான் கணவனின் கடமைகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று அடுக்கத் தொடங்குவேன். குருமடத்தில் கற்றது அப்படி. அத்தான் ஒருமுறை அக்காளோடு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய் அட்டையில் ஒரே வரி: 'சட்டை நன்றாக இருந்தது, சாமி. காலர்தான் மூன்று வைத்துவிட்டீர்கள்.'

குற்றாலத்துச் சித்திரசபை ஓவியங்களைப் போய்ப் பார்க்கும்படி எனக்கு எழுதியவரும் அவரே. சாரல் காலத்தில் அருவியில் நின்றுவிட்டு நேரே பரோட்டாக் கடைக்கு ஓடும் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தவன். அருகிலேயே சுவரெல்லாம் சித்திரமாக ஒரு மண்டபம் இருப்பதை ஒரு தையற்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அத்தானோடு கடைத்தெருவில் நடந்தால் பத்து நிமிட வழிக்கு ஒரு மணி ஆகும். பாய் கடைத் தேநீரில் ஒரு வேடிக்கை, பழக்கடையில் ஒரு செய்தி. அவர் எதையும் விற்கவில்லை. 'இதைப் பாருங்கள், நன்றாக இருக்கிறது' என்பது மட்டுமே அவர் வாணிபம்.

2009 செப்டம்பர் 16 அன்று தென்கச்சியார் காலமானார். அவ்வார அட்டையில் மூன்று தலைப்புகளும் இல்லை. 'இன்று ஒரு தகவல்: தகவல் சொன்னவர் இனி இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தார்.

2012ஆம் ஆண்டின் கோடைகாலத்தை எங்கள் ஊரார் மறக்கமாட்டார்கள். டெங்குக் காய்ச்சல் கடையநல்லூரை அந்த ஆண்டு போல் எந்த ஆண்டும் வாட்டியதில்லை. குழாயில் தண்ணீர் நாள்தோறும் வராத ஊரில் மக்கள் தொட்டியிலும் குடத்திலும் நீரைச் சேமித்து வைப்பார்கள். இந்தக் கொசுவோ சாக்கடையைத் தேடாமல் தேங்கிய நல்ல தண்ணீரைத் தேடி முட்டையிடும் கொசு. வீட்டுக்கு வீடு காய்ச்சல். அக்காளின் மகனுக்கும் வந்தது. பதினோரு வயது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, பிழைத்தான் என்று மகிழ்ந்தோம். காய்ச்சல் விடும் வேளையே அந்நோயில் ஆபத்தான வேளை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறாம் நாள் போய்விட்டான்.

அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். மறையுரையும் ஆற்றினேன். எத்தனையோ குழந்தைகளின் அடக்கத்தில் சொன்ன சொற்களையே அன்றும் சொன்னேன். ஆண்டவர் தமக்குப் பிடித்த மலரை முதலில் பறித்துக்கொள்ளுகிறார் என்றேன். அக்காள் அழுதுகொண்டிருந்தாள். அத்தான் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் எல்லாரும் கலைந்தபின் வாசற்படியில் என்னருகே வந்து உட்கார்ந்து, மெல்லச் சொன்னார்: "எந்தத் தோட்டக்காரனும் மொட்டைப் பறிக்கமாட்டான், சாமி."

எனக்கு மறுமொழி இல்லை. இன்றுவரையிலும் இல்லை. அன்றிலிருந்து அடக்கங்களில் நான் அந்த வாக்கியத்தைச் சொல்லுவதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அட்டை வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. அவர் கடை திறந்தார், தைத்தார், ஞாயிறுதோறும் பூசைக்குப் போனார். பேசுவது மட்டும் அளவோடு நின்றது. பாய் கடைக்குப் போவதையும் விட்டுவிட்டார். தேநீர்க்கடைக்காரர் தாமே தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவாராம்; அக்காள் சொன்னாள். நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவருடைய முறையையே அவருக்குத் திருப்பிச் செய்யலாம் என்று எண்ணி, வாரந்தோறும் அட்டை எழுதத் தொடங்கினேன். புனிதர் வரலாற்றிலிருந்து ஒன்று, நகைச்சுவைத் துணுக்கு ஒன்று, அறிவியல் செய்தி ஒன்று. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். இரண்டு மாதங்களுக்குப் பின் அக்காள் தொலைபேசியில், "தம்பி, அதை நிறுத்திவிடு. அவர் படிக்காமல் வைத்துவிடுகிறார்" என்றாள். நிறுத்தினேன். அந்தத் துணுக்குகளில் ஒன்றுக்குக்கூட நான் சிரித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் அப்படியே சென்றன.

திரைப்பட நகைச்சுவை நடிகர் விவேக் எங்கள் பக்கத்துக்காரர். சங்கரன்கோவிலுக்கு அருகே பெருங்கோட்டூர் அவர் பூர்வீகம். இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள் வருகிறது. 1961இல் பிறந்தவர். தலைமைச் செயலகத்தில் ஊழியராக இருந்து, 1987இல் பாலசந்தரின் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் அறிமுகமானார். மூடப்பழக்கங்களைக் கேலி செய்தே பெயர் எடுத்ததால் மக்கள் 'சின்னக் கலைவாணர்' என்றார்கள். 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். திரைப்படங்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அவருடைய வேடிக்கைகளில் சிலவற்றை இந்த இதழில் அச்சிடவும் முடியாது. அத்தானுக்கு அவர்மீது அலாதிப் பிரியம். முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் தூண்டுதலால் 2010ஆம் ஆண்டளவில் ஒரு கோடி மரக்கன்றுகளை நடுவதென்று அவர் இறங்கியபோது, அத்தானின் அட்டை ஒன்று அதை எள்ளி நகையாடியது. 'நம்ம ஊர்க்காரர் எல்லாரையும் மரம் நடச் சொல்லுகிறார். என் கடையில் நட்டால் நூல்கண்டு காய்க்குமா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.'

2015 ஜூலை மாதம் கலாம் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் விவேக்கின் மகன் காய்ச்சலால் மூளை பாதிக்கப்பட்டு இறந்தான். வயது பதிமூன்று. செய்தி வந்த இரவு அத்தான் தொலைக்காட்சியின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாராம். உட்காரவும் இல்லை, சாப்பிட வரவும் இல்லை. அந்தத் தந்தையை அவர் அதன்பிறகு விடாமல் கவனித்து வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. என்ன செய்யப்போகிறார் இந்த மனிதர், இனி எப்படிச் சிரிக்க வைப்பார் என்று.

2016ஆம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. தபால்காரர் மின் கட்டணச் சீட்டுகளோடு ஓர் அட்டையையும் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்தைக் கண்டதும் என் கை நடுங்கியது. தலைப்பு எதுவும் இல்லை.

'மாப்பிள்ளைச் சாமிக்கு. ஒன்றுதான் இருக்கிறது. அந்தச் சிரிப்பு நடிகர் மறுபடியும் கன்று நட வந்துவிட்டார். தொலைக்காட்சியில் பார்த்தேன். பிள்ளைகளுக்கு நடுவில் நின்று ஒரு வேடிக்கையும் சொன்னார். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். உங்கள் அக்காள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து என்னைப் பார்த்தாள்.'

அந்த அட்டையை நான் பலமுறை படித்தேன். நான்கு ஆண்டுகளாக நானும் மற்றவர்களும் அவருக்கு எவ்வளவோ ஆறுதல் சொல்லியிருந்தோம். சொன்னவர் எவரும் பிள்ளையை இழந்தவர் அல்லர். அது மட்டும் காரணம் என்றும் சொல்லமாட்டேன். பிள்ளையை இழந்த வேறு சிலரும் வந்து அவரிடம் பேசியதுண்டு. அந்த நடிகர் அத்தானிடம் எதுவும் பேசவில்லை. அவர் தம் துயரத்தை யாருக்கும் பாடமாக்கவும் இல்லை. தமக்குத் தெரிந்த தொழிலைத் திரும்பவும் செய்தார். கன்றைக் கையில் கொடுத்து, இதை நடுங்கள் என்றார்.

நாகர்கோவில் தந்த மூத்த கலைவாணரை இங்கே நினைக்கத்தான் வேண்டும். என். எஸ். கிருஷ்ணன் 1944இல் கொலை வழக்கொன்றில் கைதாகி, 1947இல் குற்றமற்றவர் என்று விடுதலையாகும்வரை சிறையில் கிடந்தார். வெளியே வந்தவர் கசப்பைக் கொட்டியிருக்கலாம். கேட்க நாடு காத்திருந்தது. 1949இல் 'நல்ல தம்பி' படம் வந்தது. குடியை விடு என்றும், ஏழைப் பிள்ளையைப் படிக்க அனுப்பு என்றும் சொன்ன படம். மக்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அந்த இரண்டையும் ஞாயிறுதோறும் நாங்களும் பீடத்தருகே நின்று சொல்லுகிறோம். கேட்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் அத்தான் ஒரு புங்கங்கன்று வாங்கி, தம் வீட்டுக் கொல்லையில் நட்டார். நூல்கண்டு காய்க்குமா என்று கேட்டு எழுதினேன். 'இலை மட்டும் விட்டிருக்கிறது, பொறுத்திருங்கள்' என்று பதில் வந்தது. மூன்று தலைப்புகளும் திரும்பி வந்தன. பழைய அட்டைகளின் துள்ளல் முழுவதும் வந்தது என்று சொன்னால் அது பொய். வேடிக்கைகள் சற்று நிதானமாயின. எனக்கு அவை முன்னைவிடப் பிடித்தன.

2021 ஏப்ரல் 15 அன்று விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லாரும் அச்சமின்றிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நிருபர்களிடம் சொன்னார். மறுநாள் மாரடைப்பால் சாய்ந்தார். 17ஆம் நாள் அதிகாலையில் இறந்தார். இதயத்தின் முதன்மை இரத்தக்குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்ததென்று மருத்துவமனை கூறியது. தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழுவும் ஆராய்ந்து பின்னர் அறிவித்தது. ஆனால் ஏப்ரலில் அதை யார் கேட்டார்கள்? "ஊசி போட்டார், மறுநாளே போய்விட்டார்" என்ற பேச்சு ஊரெங்கும் பரவிற்று. என் பங்கிலும் ஊசிக்குப் பெயர் கொடுத்திருந்த முதியவர்கள் பலர் பின்வாங்கினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அச்சம் இருந்தது. என் உடலில் சர்க்கரையும் இருந்தது. மக்களைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற கோழைத்தனமும் இருந்தது. அம்மாதக் கடைசியில் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டபோது, அறிவிப்பு வாசிக்கும் கடமை போயிற்று என்று உள்ளூர ஆறுதல் அடைந்தவன் நான்.

அந்த வாரத்து அட்டை சற்றுத் தாமதமாக வந்தது.

'மாப்பிள்ளைச் சாமிக்கு. நெஞ்சு நிமிர: அவருடைய சாம்பலைப் பெருங்கோட்டூருக்குக் கொண்டுவந்து புதைத்து, மேலே கன்று நட்டிருக்கிறார்கள். முப்பத்து மூன்று லட்சத்துக்கு மேல் கன்றுகள் அவர் முயற்சியால் நடப்பட்டதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. வாய் பிளக்க: நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஊசி போட வரிசையே இல்லை. வயிறு குலுங்க: அவர் கடைசியாகச் சிபாரிசு செய்துவிட்டுப் போனது ஊசி. தையற்காரன் ஊசிக்குப் பயந்தால் ஊர் சிரிக்காதா? நானும் உங்கள் அக்காளும் நேற்றுப் போட்டுக்கொண்டோம். பாய்க்கும் பெயர் கொடுத்துவிட்டேன். கை வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.'

மறுநாள் காலையில் நான் போய் ஊசி போட்டுக்கொண்டேன். அன்று மாலை அந்த அட்டையை அப்படியே வாசித்து, குரலைப் பதிவு செய்து, பங்குக் குடும்பங்களுக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். என் சொல்லாக ஒன்றும் சேர்க்கவில்லை. பீடி சுற்றும் அம்மாமார் தட்டின் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்களாம். எத்தனை பேர் போனார்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை. பின்வாங்கிய முதியவர்களில் ஒருவர், அறுபது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவர், மட்டும் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "தையற்காரர் போட்டுக்கொண்டார் என்றால் நெசவாளி விட்டுக்கொடுக்கலாமா, சாமி?"

அத்தானுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. கண்புரை அறுவை முடிந்து, இயந்திரத்தில் உட்காருவது குறைந்துவிட்டது. புங்கமரம் கூரையைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. அதன் நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். அவளுக்கு ஒற்றெழுத்துகளில் நம்பிக்கை இல்லை. ஆகையால் அட்டைகள் முன்னைவிடச் சிரிப்பாக இருக்கின்றன. சென்ற செவ்வாயன்று வந்ததில் நெஞ்சு நிமிரவும் வயிறு குலுங்கவும் எழுதி, மூன்றாவது தலைப்பின் கீழ் வெற்றிடம் விட்டிருந்தது. 'தாத்தாவுக்கு இந்த வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் அனுப்பவும்' என்று இருந்தது.

ஆற்றங்கரையில் நான் கண்ட ஒரு மீன்கொத்தியைப் பற்றி எழுதத் தொடங்கினேன். பறவையைச் சொன்னேன், அது படைக்கப்பட்ட அழகைச் சொன்னேன், அதிலிருந்து நாம் அறிய வேண்டியதைச் சொன்னேன். அட்டையில் இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதி, முகவரிப் பக்கத்திலும் இரண்டு வரி எழுதினேன்.

இன்று காலை பதில் வந்தது. பேத்தியின் கையெழுத்து. 'மீன்கொத்தி நன்றாக இருந்தது. தாத்தா காலரை எண்ணிக்கொண்டு இருக்கிறார்.'